சும்மா கல்லு

உலகத்தில் புகழ்பெற்ற பாறைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று புரியும். அவற்றில் பெரும்பாலானவை பாறையின் பெயர்களே அல்ல. கிழவனின் முகம், யானை, காளான், வெண்ணெய் உருண்டை, படுத்திருக்கும் கர்ப்பிணி. பாறை எதுபோல இருக்கிறதோ அதன் பெயர்தான் பாறைக்கு. எதுபோலவும் இல்லாத பாறைக்குப் பெயர் கிடைப்பதில்லை. பெயர் கிடைக்காத பாறை என்ன ஆகும் என்பது என் தொழில் சார்ந்த விஷயம். நான் சிவில் பொறியாளன். அது சாலையாகும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மலைமுகட்டில் கருங்கல் அடுக்குகள் சில துருத்திக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கிழவனின் முகம். கீழே விழுந்துவிடக்கூடாது என்று பல பத்தாண்டுகள் அந்த முகத்தை இரும்புக் கம்பிகளால் கட்டி, சிமெண்டும் எபோக்சியும் பூசிக் காப்பாற்றி வந்தார்கள். 2003 மே 3 அன்று அது சரிந்தது. மக்கள் வந்து மலையடியில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பொறியாளனாக அந்தக் கம்பிகள்மீதுதான் எனக்கு ஆர்வம். எதைக் காப்பாற்றினார்கள்? கல்லையா? அதே மலையில் அதே வயதுள்ள எத்தனையோ கற்கள் வருடாவருடம் உருண்டிருக்கும். கம்பி போட்டது நம் முகத்துக்கு.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும் சுமார் 250 டன் பாறை, கிருஷ்ணன் கைதவறவிட்ட வெண்ணெய். 1908இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், அசையவில்லை என்ற கதையைச் சுற்றுலா வழிகாட்டி சொல்லாமல் விடமாட்டார். நம் கெடாவிலேயே லங்காவி இருக்கிறது. மாட் சிஞ்சாங், மாட் ராயா என்று இரண்டு பூதங்கள் கல்யாண வீட்டில் சண்டை போட்டன. குழம்பு கொட்டிய இடம் குவா, பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா. சண்டைக்காரர்கள் மலைகளாகிவிட்டார்கள். 2007இல் யுனெஸ்கோ லங்காவிக்குப் புவிப்பூங்கா தகுதி கொடுத்தது. தென்கிழக்காசியாவில் அதுதான் முதலாவது. சிஞ்சாங் மலைமேல் கேபிள் கார் போகிறது.

பீடோங்கிலிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலைக்கு 1,217 மீட்டர் உயரம். அதிலுள்ள பழைய பாறைகளும் சிஞ்சாங் பாறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை, கேம்பிரியன். 500 மில்லியன் ஆண்டுக் கணக்கு. இந்த வட்டாரத்தில் சுங்கை பத்து, திக்காம் பத்து, புக்கிட் பத்து பஹாட் என்று எங்கு திரும்பினாலும் ஊர்ப்பெயரில் கல் இருக்கிறது. மலாயில் பத்து என்றால் கல். ஆனால் படம் எடுக்க வருகிறவர்கள் கல்லைத் தேடி வருவதில்லை, அதில் மனிதக் கை பட்ட இடத்தைத் தேடி வருகிறார்கள். புக்கிட் பத்து பஹாட்டில் சண்டி இருக்கிறது, அதனால் வேலி இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. (அந்த மரியாதையும் எல்லாச் சண்டிக்கும் கிடைப்பதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியை வீடமைப்பு நிலத்துக்காகத் தரைமட்டமாக்கிய செய்தி 2013 கடைசியில் வெளிவந்தது.)

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் ஒரு பாறை. ஜெராய் அடிவாரத்தில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று, பிறகு செம்பனையாகி, இப்போது தாமானாகப் போகிறது. திட்டத்தின் நடுச்சாலை போகும் கோட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் உருண்டை. புவியியலில் இதற்கு விளக்கம் எளிது. பூமிக்கடியில் கருங்கல் வெடிப்பு விட்டுக் கட்டம்கட்டமாகப் பிரிகிறது. வெடிப்பில் நீர் இறங்கி மூலைகளை முதலில் மண்ணாக்குகிறது. நடுக்கல் உருண்டையாக மிஞ்சுகிறது. மேல்மண் கரைந்ததும் அது வெளியே வந்து நிற்கிறது. மாமல்லபுரத்து உருண்டையும் இந்த மாதிரி சிதைவில் வந்ததுதான். ஆனால் எங்கள் கல் எதுபோலவும் இல்லை. நானும் நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்தேன். தவளை என்று சொல்லலாமா என்றால் அதுவும் இல்லை.

சைட் மேனேஜர் நல்ல மனுஷர். "சாமி கீமி இருக்கான்னு கேட்டுருங்க தம்பி. இருந்தா பிரச்சன, ரோட்ட ஆறு மீட்டர் தள்ளிப்போம். இல்லன்னா ஒடச்சிருவோம்" என்றார். தோட்டத்திலேயே பிறந்து, இன்னும் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் ஒரு பாட்டியிடம் போய்க் கேட்டேன்.

"சாமி அந்தப் பக்கம் தம்பி, பால்மரத்துக்கிட்ட. இது சும்மா கல்லு."

"அப்ப எடுத்துரலாமா பாட்டி?"

"ஏன் எடுக்கணும்?"

நான் ரோடு வருகிறது என்று சொன்னேன். பாட்டி தலையாட்டினார். எங்க அப்பா மரம் வெட்டுனப்பவும் அது அங்கதான் இருந்துச்சு, நான் வெட்டுனப்பவும் இருந்துச்சு என்றார். அவ்வளவுதான். கண்கலங்கவில்லை, கதை சொல்லவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது சைட்டில் ஒருவர் சிரித்தார். "ஒரு சூலத்தக் குத்தி, மஞ்சத்துணி கட்டிட்டு வாங்க. ஒருத்தனும் கை வைக்கமாட்டான்." கிண்டல்தான், ஆனால் நான் அதைக் கொஞ்சநேரம் உண்மையாகவே யோசித்தேன். நம் தோட்டத்து முனீஸ்வரன்கள் பலரும் செதுக்காத கல்தானே? முகம் இல்லை, உருவம் இல்லை, குங்குமம் மட்டும். எதுபோலவும் இல்லாத கல்லைக் கும்பிடத் தெரிந்த ஜனம் நாம். ஆனாலும் சூலம் குத்தினால் அது பொய். கும்பிட்ட பாட்டியே இல்லை என்று சொன்ன சாமியை நான் உண்டாக்கக்கூடாது. சாமி இருந்த கற்களே தோட்டத்தோடு காணாமல் போன நாடு இது என்பது வேறு கணக்கு.

பல்கலைக்கழக நண்பன் ஒருவனிடம் இதைப் பேசினேன். கல்லுக்கு வலிக்காது, ஆசை இல்லை, எனவே அதற்குத் தீங்கு செய்யவே முடியாது என்றான். நியாயமான வாதம். ஆனால் 2013 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டாவில், கோப்ளின் வேலி பூங்காவில் சாரணர் குழுவோடு வந்த பெரியவர்கள் ஒரு காளான் பாறையைத் தள்ளிவிட்டுக் கூத்தாடிய வீடியோவைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வந்ததே, ஏன்? ஆடுகிறது, குழந்தைகள்மேல் விழுந்துவிடும் என்று தள்ளினோம் என்றார்கள் அவர்கள். கல்லுக்கு வலித்தது என்று யாரும் நினைக்கவில்லை. நண்பனின் பதில், அது அந்த மனிதர்களின் அற்பத்தனத்தின் மீதான கோபம், கல்லைப் பற்றியதல்ல என்பது. பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டி தன் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. கல்லைப் பற்றித்தான் பேசினார்.

இன்னொரு வழி, உயிர்களைச் சொல்லிக் காப்பாற்றுவது. ஈப்போ பக்கம் கந்தான் சுண்ணாம்பு மலையில் ஒரு குட்டி நத்தை. 2014இல் அதற்குச் சரோப்பா லஃபார்ஜி என்று பெயரிட்டார்கள். அந்த மலையை வெட்டிக்கொண்டிருந்த லஃபார்ஜ் சிமெண்ட் நிறுவனத்தின் பெயர்! அறிவியலாளர்களின் இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கும் மலை நத்தையின் வீடாகத்தான் மதிப்புப் பெறுகிறது. முகம், பூதம், சாமி, நத்தை. யாரோ ஒருவர் வந்து ஜாமீன் கொடுக்கவேண்டும். எங்கள் கல்லில் நத்தையும் இல்லை, கொஞ்சம் பாசி.

நான் கல்லுடைப்புக்கு எதிரியல்ல. இந்தக் கட்டுரையை எழுதும் மேசை நிற்கும் தரையே உடைத்த கல்தான். கல் கொல்லவும் செய்யும். 1973இல் ஈப்போ குனோங் செரோவில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து கீழிருந்த வீடுகள்மேல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் நீர்ப்பெருக்கு வந்தபோது மரங்களோடு உருண்டு வந்த பாறைகளைத் தூப்பாவில் போய்ப் பார்த்திருக்கிறேன். தலைக்குமேல் தொங்கும் பாறையை இறக்கத்தான் வேண்டும். அங்கே "ஏன் எடுக்கணும்?" என்று கேட்டால் பதில் இருக்கிறது.

எங்கள் பாறைக்கு அந்தப் பதில் இல்லை. அளந்து பார்த்தேன். அடியில் அகலமாக உட்கார்ந்திருக்கிறது, சரிவு இல்லை, உருள வழியில்லை. எங்கள் படிவத்தில் பாறை இருப்பதற்கான காரணத்தைத்தான் கேட்கிறார்கள்: வரலாற்று மதிப்பு, சமய மதிப்பு, சுற்றுலா மதிப்பு, சுற்றுச்சூழல் மதிப்பு. நான்கிலும் "இல்லை" என்று டிக் செய்தால் வெடிகாரருக்குப் போன் போகும். பாட்டி கேள்வியைத் திருப்பிப் போட்டார். இருக்கிறவன் ஏன் காரணம் சொல்லவேண்டும்? எடுக்கிறவன் சொல்லட்டும். கல்லுக்கு உரிமை உண்டா என்று நண்பனோடு இரவெல்லாம் வாதாடியதைவிட இது எனக்குத் தெளிவாக இருக்கிறது. உரிமை இல்லாவிட்டாலும்கூட, காரணம் சொல்லும் பாரம் நம் தோளில்தான்.

அதனால் நான்கு கட்டத்திலும் உண்மைப்படி "இல்லை" போட்டேன். கீழே குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இப்பாறையை அகற்றப் பாதுகாப்புக் காரணம் எதுவும் இல்லை, சாலையை ஆறு மீட்டர் நகர்த்தும் செலவைத் தவிர்ப்பதே காரணம். முதலாளி அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது யாருக்கு? யாரும் கேக்கலையே" என்றார். கேட்டாங்க சார் என்றேன். வரியை எடுக்கச் சொன்னால் கையெழுத்து போடமாட்டேன் என்பதையும் சொன்னேன், குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட் அந்த வரியோடு போயிருக்கிறது. கூட்டம் அடுத்த மாதம்.