விகுதியில் ஒளிந்த பாடம்

'அப்பா வந்தார், அம்மா வந்தாள்' என்கிறது பல வீடுகளில் குழந்தை. யார் கற்றுக்கொடுத்தது? வெகுமதியே பேச்சை வளர்க்கிறது என்றார் ஸ்கின்னர் (1957). ஆனால் இந்த 'ஆர்', 'ஆள்' வேறுபாட்டுக்காக யாரும் மிட்டாய் தந்ததாக நான் அறியேன். பார்த்தும் கற்கிறார்கள் என்றார் பண்டூரா. அவருடைய 1961 சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள், யாரும் சொல்லாமலே அடித்தார்கள். குழந்தை கேட்டதை ஒப்பிப்பதோடு நிற்பதில்லை, விதியையும் வகுத்துக்கொள்கிறது என்பது சோம்ஸ்கியின் வாதம். அப்படியானால் மரியாதை ஆணுக்குரியது என்பதும் அது வகுத்த விதியே; அதற்கான பேச்சு நம்முடையது. 'நான் சொல்லித்தரவில்லையே' என்று நாம் தப்பிக்க முடியாது. சொல்லித்தந்ததை அவள் வளர்ந்தபின் எதிர்த்துக் கேட்கலாம். சொல்லாமல் தந்ததை இலக்கணம் என்றே நம்பிவிடுவாள். அதனால் என் பேச்சில் அம்மாவும் வந்தார்.