சுங்கச் சுமையும் வாணிக நடுவுநிலையும்

ஒரு பொருளின் மீது அரசு வரி விதிக்கும்போது, அதைக் கருவூலத்தில் கட்டுபவர் ஒருவராகவும் அதன் பாரத்தை முடிவில் தாங்குபவர் வேறொருவராகவும் இருக்கக்கூடும் என்பதைப் பொருளியல் நெடுங்காலமாக விளக்கி வந்துள்ளது. இறக்குமதியாளர் துறைமுகத்தில் செலுத்தும் வரி மொத்த வியாபாரியின் பட்டியலில் ஏறி, அங்கிருந்து சில்லறைக் கடையின் விலைச்சீட்டுக்கு வந்து, கடைசியில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் போய்ச் சேர்கிறது. இடையில் உள்ளவர்களுள் எவரேனும் தம் இலாபத்தைக் குறைத்துக்கொண்டால் மட்டுமே அந்தப் பயணம் பாதியில் நிற்கும். அப்படிக் குறைத்துக்கொள்ளும் கடமை பெருவணிக நிறுவனங்களுக்கு உண்டா என்ற வினா 2025 மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிப்படையாகவே எழுந்தது. புதிய சுங்க வரிகளால் விலையை உயர்த்த நேரிடும் என்று வால்மார்ட் நிறுவனம் அறிவித்தபோது, அவ்வரிகளை விதித்த அதிபர் டோனல்ட் டிரம்ப், நிறுவனமே அவற்றை ஏற்க வேண்டுமென்றும் வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாதென்றும் கூறினார். விதித்தவர் தாங்கத் தேவையில்லை, விற்பவர் தாங்க வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு அரசியலில் எளிதாகச் சொல்லப்படலாம். அறநூலின் முன் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வினா புதிதன்று. 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தபோதும், 2018 ஜூன் 1 அன்று அது சுழியமாக்கப்பட்டு அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பியபோதும், 2025 ஜூலை 1 அன்று அந்த விற்பனை வரி மேலும் பல பொருள்களுக்கு விரிவாக்கப்பட்டபோதும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மளிகை வாங்குவோர் இதே கேள்வியைத் தத்தம் சொற்களில் கேட்டனர். இவ்விரு வரிகளின் அமைப்பும் வேறு என்பதை இங்கே குறிக்க வேண்டும். பொருள் சேவை வரி, உற்பத்தி முதல் சில்லறை விற்பனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் விதிக்கப்பட்டு, முந்திய கட்டத்தில் கட்டியது கழிக்கப்பட்டு, இறுதியில் வாடிக்கையாளரின் இரசீதில் தனி வரியாகவே அச்சானது. விற்பனை வரியோ உற்பத்தியாளரிடமோ இறக்குமதியாளரிடமோ ஒரே ஒரு முறை வாங்கப்படுவது. அதன்பின் அது அடக்க விலைக்குள் கரைந்துவிடுவதால், கடையில் பணம் கொடுப்பவரின் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

இந்த மறைவில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது. ஒரு பொருளை 100 ரிங்கிட்டுக்கு இறக்குமதி செய்து, அதன்மேல் 30 விழுக்காடு சேர்த்து 130 ரிங்கிட்டுக்கு விற்கும் பேரங்காடி ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். அப்பொருளுக்கு 10 விழுக்காடு வரி வந்தால் அடக்கம் 110 ரிங்கிட் ஆகிறது. வழக்கமான 30 விழுக்காட்டையே சேர்த்தால் விற்பனை விலை 143 ரிங்கிட் ஆகிறது. வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் 13 ரிங்கிட்டில் அரசுக்குச் செல்வது 10 மட்டுமே. எஞ்சிய 3 ரிங்கிட், வரி வந்த ஒரே காரணத்தால் கடைக்குக் கிடைத்த புதிய வருவாய். "வரி ஏறிவிட்டது, அதனால் விலை ஏறிவிட்டது" என்று கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. எனவே, சுங்கச் சுமையை வாடிக்கையாளர் மேல் வைக்கலாமா என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பது தெளிவாகிறது: வரியை விலையில் சேர்ப்பது முறையா என்பது ஒன்று, வரியின் மேல் இலாபம் எடுப்பது முறையா என்பது மற்றொன்று.

மலேசியச் சட்டம் முதற்கேள்விக்கு இடம் தந்து, இரண்டாவதை ஏறத்தாழக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிய இலாபம் எடுக்கும் நிறுவனத்துக்கு முதற்குற்றத்திற்கே 500,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஆனால் எது அளவுக்கு மீறிய இலாபம் என்பதை நிறுவ 2018இல் வகுக்கப்பட்ட விதிமுறைகள், அடக்க விலையின் மேல் வணிகர் சேர்க்கும் இலாபத்தின் விழுக்காட்டையே அளவுகோலாகக் கொள்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த விழுக்காட்டைத் தாண்டாதவரை வணிகர் குற்றவாளி ஆகார். மேலே கண்ட கடை 30 விழுக்காட்டிலேயே நின்றிருப்பதால் சட்டத்தின் முன் அது தூய்மையானது. சட்டம் விழுக்காட்டைப் பார்க்கும் இடத்தில் அறம் பார்க்க வேண்டியது ரிங்கிட்டை என்பதே இக்கட்டுரையின் முதல் முடிவு.

தமிழ் மரபு இவ்வினாவை எங்கே வைத்துப் பார்க்கிறது என்பது கவனிக்கத்தக்கது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் பண்டங்களுக்குச் சுங்கம் வாங்கிப் புலிச் சின்னம் பொறிக்கும் அரச அலுவலரையும், பிறரிடம் வாங்கும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் பண்டத்தின் விலையை வெளிப்படச் சொல்லி விற்கும் வணிகரையும் ஒரே நகரக் காட்சிக்குள் நிறுத்துகிறது. அத்துறையில் வந்து குவியும் செல்வங்களுள் காழகத்தின் ஆக்கமும் ஒன்று. அதைக் கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கிறார், அக்கடாரம் இன்றைய கெடா என்று வரலாற்றாளர் கருதுவர். சுங்கம் அரசின் உரிமை, நேர்மையான விலை வணிகரின் கடமை, ஒன்று மற்றொன்றுக்குச் சாக்காகாது என்ற புரிதல் அக்காட்சியில் அடங்கியிருக்கிறது. திருவள்ளுவரும் சுங்கப் பொருளை அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாகப் பொருட்பாலில் ஏற்கிறார். ஆயினும் வாணிகரின் ஒழுக்கத்தைச் சொல்லும் குறளை அவர் பொருள் ஈட்டும் வழிகளைக் கூறும் அதிகாரத்தில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போலவே பேணுதல் என்று அவர் வகுக்கும் நெறி, வணிகரை ஈகையாளராக மாறச் சொல்லவில்லை; தமக்கும் எதிரில் நிற்பவருக்கும் ஒரே கோலால் அளக்கச் சொல்கிறது.

பிற சமய மரபுகளும் இதனோடு நெருங்கி வருகின்றன. 13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினா, நியாய விலையைப் பற்றி எழுதுகையில், ஒரு பொருளைக் கைவிடுவதால் விற்பவருக்கு நேரும் இழப்பை அவர் விலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், ஆனால் வாங்குபவரின் அவசரத் தேவையைக் காட்டி விலையை உயர்த்தக் கூடாது என்றும் பிரித்துரைத்தார். இழப்பு விற்பவருடையது, தேவை வாங்குபவருடையது, தமக்கு உரிமையில்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது என்பது அவர் தரும் காரணம். இஸ்லாமிய மரபில், விலையேற்றத்தின்போது விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் வேண்டியும் நபிகள் நாயகம் மறுத்ததாக ஹதீஸ் கூறுகிறது. எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர் விரும்பவில்லை. எனினும் 1328இல் மறைந்த அறிஞர் இப்னு தைமிய்யா, சந்தை மேற்பார்வையைக் குறிக்கும் ஹிஸ்பா பற்றிய தம் நூலில், இயல்பான காரணத்தால் ஏறிய விலையையும் வணிகரின் முறைகேட்டால் ஏற்றப்பட்ட விலையையும் வேறுபடுத்தி, பின்னதில் அதிகாரம் தலையிடலாம் என்று வாதிட்டார். வரியால் ஏறிய விலை முதல் வகை. வரியைச் சொல்லி ஏற்றிய விலை இரண்டாம் வகை.

இவற்றின் ஒளியில் பார்த்தால், வரியை விலையில் சேர்ப்பதைத் தவறென்று சொல்ல இடமில்லை. அது வணிகருக்கு நேர்ந்த உண்மையான செலவு. அந்த 3 ரிங்கிட்டிலும் ஒரு பகுதிக்கு நியாயம் உண்டு. வரியாக முன்பணம் கட்டியதற்கான வட்டி, வரி கட்டிய பின் அழுகியும் உடைந்தும் போகும் சரக்கின் இழப்பு, விற்பனைத் தொகையின் விழுக்காடாகவே கணக்கிடப்படும் கடன் அட்டைக் கட்டணம் ஆகியவை வரியோடு சேர்ந்து ஏறுகின்றன. கடைக்காரரின் உழைப்போ, கடை வாடகையோ, ஊழியரின் சம்பளமோ வரியால் ஏறுவதில்லை. ஆகவே அவற்றின் பெயரால் வரியின் மேல் விழுக்காடு சேர்ப்பதற்கு அடிப்படை இல்லை.

பல கை மாறும் பொருளில் இது எவ்வாறு பெருகுகிறது என்பதை வெங்காயம் காட்டும். இந்திய வெங்காயத்தை வாங்கும் முதன்மை நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. இந்திய அரசு 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தது. டிசம்பரில் ஏற்றுமதியையே தடைசெய்தது. 2024 மே மாதத்தில் தடையை நீக்கி, 40 விழுக்காட்டு வரியோடு ஏற்றுமதியை அனுமதித்தது. செப்டம்பரில் அதை 20 விழுக்காடாகக் குறைத்து, 2025 ஏப்ரல் 1 முதல் முற்றிலும் எடுத்துவிட்டது. ஒரு கிலோவுக்கு 40 சென் வரி விழுந்ததாகவும், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் ஆகிய மூவரும் தலைக்கு 10 விழுக்காடு மட்டுமே சேர்த்ததாகவும் கொண்டால், அந்த 40 சென் கிள்ளானில் சாம்பாருக்கு வெங்காயம் வாங்குபவரிடம் 53 சென்னாக வந்து சேரும். இதில் எவரும் பேராசைக்காரர் அல்லர். ஒவ்வொருவரும் தம் வழக்கமான விழுக்காட்டையே எடுத்திருக்கிறார். தனித்தனியே குற்றமற்ற செயல்கள் கூடி, எவரும் கணக்குச் சொல்லாத ஒரு சுமையாகின்றன.

வெங்காய வரியின் ஏற்றமும் இறக்கமும் மற்றொரு சோதனையையும் தருகின்றன. வரி அறிவிக்கப்பட்ட மறுநாளே, பழைய விலைக்கு வாங்கிக் கிடங்கில் வைத்திருந்த சரக்கையும் புதிய விலைக்கு விற்கும் வணிகர், அடுத்த சரக்கைப் புதிய விலை கொடுத்தே வாங்க வேண்டியிருப்பதைக் காரணமாகச் சொல்வார். இது வலுவான காரணமே. ஆனால் அதை ஏற்பவர், வரி நீங்கிய மறுநாள், வரி கட்டி வாங்கிய பழைய சரக்கையும் குறைந்த விலைக்கே விற்கக் கடமைப்பட்டவர் ஆகிறார். ஏனெனில் அப்போது அவரது அடுத்த சரக்கு மலிவாக வரவிருக்கிறது. ஏறும்போது அடுத்த சரக்கின் விலை, இறங்கும்போது இருக்கும் சரக்கின் விலை என்று இரண்டு கோல்களை வைத்திருப்பதே நடுவுநிலை தவறுதல். 2018 ஜூனில் வரி சுழியமானபோது மலேசியாவின் பணவீக்க விகிதம் மே மாதத்தின் 1.8 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. பல அடிப்படைப் பொருள்களுக்கு முன்பே வரி இல்லாதிருந்ததால், இதைக் கொண்டே எல்லா வணிகரும் வரிக்குறைப்பை விழுங்கிவிட்டனர் என்று சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு வணிகரும் தம் கணக்கேட்டில் எளிதாகச் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது.

இதற்கு எதிராக, பெருநிறுவனங்கள் வரி முழுவதையும் தாமே ஏற்பதுதான் உயர்ந்த அறம் என்ற கருத்து உண்டு. அது மூன்று இடங்களில் தடுமாறுகிறது. முதலாவது, பெருநிறுவனம் ஏற்பதாகச் சொல்லும் சுமை பல வேளைகளில் சிறு உற்பத்தியாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்பதன் மூலம் அவர்மேல் இறக்கப்படுகிறது. அப்போது வாடிக்கையாளர் காப்பாற்றப்பட்டாலும் காய்கறித் தோட்டக்காரர் வரி கட்டியவர் ஆகிறார். இரண்டாவது, விலையை உயர்த்தாமல் நட்டத்தைத் தாங்கும் வலிமை பெரியவர்க்கே உண்டு என்பதால், அந்தத் தாங்குதலே தெங்கு கிளானா சாலையின் சிறு மளிகைக் கடைகளை மூடவைக்கும் கருவியாகலாம். போட்டியாளர் இல்லாமற் போன பின் விலை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, சில வரிகள் விலையை உயர்த்துவதற்காகவே விதிக்கப்படுபவை. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய இனிப்புப் பானக் கலால் வரி, நீரிழிவைக் கருத்திற்கொண்டு சர்க்கரையைக் குறைக்கும் நோக்கத்தது. அதை வணிகர் தாங்கிக்கொண்டு பானத்தைப் பழைய விலைக்கே விற்றால், அவர் வாடிக்கையாளருக்குச் செய்வது நன்மையாகாது.

ஆயினும் பெரியவர்க்கும் சிறியவர்க்கும் கடமை ஒன்றே என்று முடித்துவிட இயலாது. 1987இல் கிள்ளானில் ஒரு சிறு மளிகைக் கடையாகத் தொடங்கிய 99 ஸ்பீட்மார்ட், 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு நாடு முழுதும் கிளைகள் கொண்ட நிறுவனமாக நிற்கிறது. ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வகைக் கடை, இரு வேறு அளவுகளில் எத்தகைய இரு வேறு ஆற்றல்களைப் பெறுகிறது என்பதற்கு இது சான்று. மொத்த வியாபாரி சொன்ன விலைக்கு வாங்கி அன்றன்று விற்கும் சிறு கடைக்காரருக்கு, எப்போது விலையை உயர்த்துவது என்ற தேர்வு கூடக் கிடையாது. பல மாதச் சரக்கையும் விலை பேசும் வலிமையையும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அத்தேர்வு உண்டு. தேர்வு உள்ளவரிடமே பொறுப்பும் கேட்கப்படும். புதிய வரி வந்த முதல் வாரங்களில், குறிப்பாகத் தீபாவளி போன்று குடும்பங்கள் வாங்குவதைத் தள்ளிப்போட முடியாத காலத்தில், உயர்வைப் படிப்படியாக்கிக் காலத்தை ஈவது அவர்களால் இயலும். பண்டிகைக் காலத்தில் ஆட்டிறைச்சி, தேங்காய், தக்காளி முதலியவற்றுக்கு உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சு உச்ச விலை அறிவிப்பதும் இத்தேவையை உணர்ந்தே.

எனவே, பெருவணிகர் வரியை விலையில் சேர்க்கலாம். வரியின் மேல் வழக்கமான இலாப விழுக்காட்டைச் சேர்க்கலாகாது. ஏற்றத்துக்குக் கொண்ட அதே விதியை இறக்கத்துக்கும் கொள்ள வேண்டும். தாங்கும் ஆற்றல் இருக்குமிடத்தில் கால அவகாசம் தர வேண்டும். இவற்றை அவர் கடைப்பிடிக்கிறாரா என்று வாங்குபவர் அறிய, வரி எவ்வளவு என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். ஒரு கட்ட விற்பனை வரியை அடக்க விலைக்குள் மறைய விடும் அரசு, அந்த மறைவில் வளரும் இலாபத்துக்கு வணிகரை மட்டும் பொறுப்பாக்குவது நடுவுநிலை ஆகாது. அந்த வரி எவ்வளவு என்பதை இறக்குமதியாளர் முதல் கடைக்காரர் வரை ஒவ்வொருவரும் பட்டியலில் தனியே காட்டும்படி செய்தால், வாணிக அறம் தனிமனிதரின் மனச்சான்றை மட்டும் நம்பி நிற்க வேண்டியிராது. சட்டம் இன்று விழுக்காட்டில் தேடிக் காணாத அந்த 3 ரிங்கிட்டை, விளக்கம் கேட்கும் உரிமையோடு வாங்குபவரே கண்டுகொள்வார்.