அழகும் தண்டனையும்

‘ஐ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு அழகு, வியப்பு, தலைவன் எனப் பல பொருள்கள் உண்டு. அப்பெயரிலேயே ஷங்கர் இயக்கிய திரைப்படம் 2015ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்தது. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவையோ, ஏ. ஆர். ரகுமானின் இசையையோ, அவ்வேடத்துக்காக உடலையே வருத்திக்கொண்ட விக்ரமின் உழைப்பையோ குறைகூற நாம் முற்படவில்லை. விளம்பர உலகின் இருளைக் காட்ட எழுந்த ஒரு படைப்பு, அறநோக்கில் நம்மை ஏமாற்றியது ஏன் என்பதே நம் வினா.

வடசென்னையில் உடற்பயிற்சியே உயிரென வாழ்ந்த லிங்கேசன் என்னும் ஏழை இளைஞன், விளம்பர உலகில் பேரழகனாக உயர்கிறான். அவனால் இழப்புற்றோர் கூடி, நோய்க்கிருமியை அவனுடலில் செலுத்திக் கூனனாக்குகின்றனர். அவன் அவர்களைக் கொல்லாமல், ஒவ்வொருவரையும் உருக்குலைத்துப் பழிதீர்க்கிறான்.

இக்கதையின் நடுவே ஓர் அரிய இடம் உண்டு. பூச்சிக்கொல்லி கலந்த குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்ய அவன் மறுக்கிறான். குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் உள்ளதென டில்லி ஆய்வு மையமொன்று 2003இல் அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நெல்வயலில் மருந்தடிக்கும் நம் காவிரிப் படுகை உழவனுக்கு அந்த நஞ்சின் நெடியை எவரும் விளக்க வேண்டியதில்லை. முகத்தை விற்றுப் பிழைப்பவன், அம்முகம் எதை விற்கிறது என்பதற்கும் பொறுப்பாளியா? கதையின் உயிர் இவ்வினாவில்தான் இருந்தது. திரைக்கதையோ அதைப் பகைக்கு ஒரு காரணமாக மட்டும் பயன்படுத்திவிட்டு விரைந்து கடந்துவிடுகிறது.

பின்னர் வருவது பழிவாங்கல். அதில் வழங்கப்படும் தண்டனை எது? அவலட்சணம்! அழகற்றுப்போவதே மனிதனுக்கு நேரும் ஆகப்பெரிய கேடு என்பதில் விளம்பர முதலாளியும் கதாநாயகனும் ஒருமனப்படுகின்றனர். புண் நிறைந்த யோபுவைப் பார்த்து, ‘இவன் ஏதோ பாவம் செய்திருப்பான்’ என முடிவுகட்டிய நண்பர்களை மறுக்கவே ஒரு திருநூல் எழுந்தது. குடந்தையை அடுத்த சாக்கோட்டைத் தொழுநோய் மருத்துவமனையை இப்பகுதியினர் அறிவர். மருந்தால் நோய் தீர்ந்தபின்னும் மடங்கிய விரலோடு வாழ்வோர் எத்தனை பேர்! அவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தனர்? திருநங்கை ஒருவரை நகைப்புக்குரியவராக்கியதை எதிர்த்துத் திருநங்கையர் அப்போதே போராடினர், அது நியாயமே.

இக்கோளாறு திரையரங்கோடு நிற்பதன்று. 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு, 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறிற்று. மாறியது பெயர்தான். மகனுக்குப் பெண் தேடி நம்மிடம் விசாரிக்க வருவோர், குணத்துக்கு முன்னே நிறத்தைக் கேட்கின்றனர். “பெண்ணு என்ன நிறம், சாமி?” நாளெல்லாம் வெயிலில் குனிந்து நடவு நட்டுக் கறுத்த தாய்தான் அதைக் கேட்கிறாள்.