மூத்தோர் யார்?



முதுமையை உலகம் எக்காலத்தும் ஒரே கண்ணால் நோக்கியதில்லை. பண்டைக் கிரேக்கத்தின் ஸ்பார்ட்டாவில் 60 வயது கடந்தவர்க்கே முதியோர் அவையில் இடம். அரசர் இருவரோடு 28 பேர், சாகும்வரை அப்பதவி வகித்தனர். ஆயின் அந்நாட்டு வயல்களில் உழைத்த ஹெலாட் அடிமைகளுக்கு, எத்தனை நரைத்தாலும், அவ்வவையின் வாயில் திறக்கவில்லை.

நம் நாட்டு மனுநூலோ மறைப்பின்றியே பேசுகிறது. பத்து வயதுப் பார்ப்பனனும் நூறு வயது க்ஷத்திரியனும் தந்தையும் மகனும் போல்வராம்; அவருள் சிறுவனே தந்தையாம்! சூத்திரனுக்கும் மதிப்புண்டு, தொண்ணூறு வயதைக் கடந்த பின்னர். அதற்கும் கீழே தள்ளப்பட்ட நம் முன்னோரைப் பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. நரைத்த தலையரைச் சிறுவர் ‘அடே’ என்றழைக்க, அவர் கைகட்டி நின்றதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டுள்ளோம்.

சங்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். விரைந்து முன்சென்ற பிக்குகள் உறைவிடங்களைப் பிடித்துக்கொண்டமையால் சாரிபுத்தர் ஓரிரவை மரத்தடியில் கழித்தார். அதனை அறிந்த பகவன், முதல் இருக்கையும் முதல் உணவும் எவர்க்கு உரியன என வினவினார். க்ஷத்திரிய குலத்தார்க்கு என்றனர் சிலர். பார்ப்பன குலத்தார்க்கு என்றனர் சிலர். வீட்டைத் துறந்தவர்க்கும் குலம் நாவை விட்டபாடில்லை!

அப்பொழுது பகவன் ஓர் ஆலமரத்தின் கதை கூறினார். யானை கன்றாயிருந்தபோது அம்மரம் அதன் வயிற்றளவுச் செடி. குரங்கு குட்டியாயிருந்தபோது தரையில் அமர்ந்தே அதன் நுனித்தளிரைத் தின்றது. கௌதாரியோ வேறெங்கோ தின்ற பழத்தின் வித்தை அங்கு எச்சமிட, அதினின்றே மரம் முளைத்தது. ஆகவே யானையும் குரங்கும் கௌதாரியைப் பணிந்தன. சங்கத்திலும் துறவேற்ற காலமே மூப்புக்கு அளவாயிற்று. இதனை அறிந்தே சாக்கிய இளைஞர், தம் செருக்கு அடங்கும்பொருட்டு, நாவிதர் உபாலிக்கு முதலில் துறவளிக்க வேண்டினர். பின்னர் அவரை வணங்கினர்.

ஆலைகள் வந்தபின் கையின் வேகமே வயதாயிற்று. அறுந்த இழையை முடியக் கண் தடுமாறினால் நாற்பத்தைந்திலும் ‘கிழம்’ என்ற பெயரே கிட்டும். யாம் அங்குதான் பாடம் கற்றோம். ஜெர்மனியில் 1889-இல் தொழிலாளர்க்கு முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. ஆனால் வயது வரம்பு 70. அதுவரை உயிரோடிருந்தோர் சிலரே. இங்கு 1995-இல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் தோன்றியது; 2014-இல் அதன் குறைந்த அளவை மாதம் 1000 ரூபாய் என வகுத்தனர். ஒரு முதியவரின் மருந்துக்கேனும் அது போதுமா?

அரசு செய்வதை அரசு செய்யட்டும். நம் பௌர்ணமிக் கூட்டங்களில் முன்வரிசை நாற்காலிகளில் கொடையாளர் பெயர் ஒட்டப்படுகிறது; கண் மங்கிய மூதாட்டியர் வாயிற்படியருகே அமர்கின்றனர். அவருள் பலர் நமக்கு முன்பே திரிசரணம் ஏற்றவர். வரும் பௌர்ணமிக்குள் அச்சீட்டுகளை அகற்றுமாறு செயலாளரை வேண்டுகிறோம்.