பாக்டீரியாவுக்கும் முன்வினை உண்டா?

டெல்லி ஜங்புராவில் பாராபுலா சாக்கடையோரம் இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதிப் பட்டியலில் வந்த தமிழர்களுக்கு நரேலாவில் வீடு; மற்றவர்கள் பாடு திண்டாட்டம். முன்வினை என்று சொல்லிக்கொள்ளலாம். சாக்கடையின் ஈ.கோலை பாக்டீரியா மட்டும் இடம் பெயரவில்லை.

அதற்கும் முன்வினை உண்டு போலும்! 1957இல் நோவிக், வீனர் என்ற இரு விஞ்ஞானிகள் ஈ.கோலையில் காட்டினார்கள்: ஒரே மரபணு, ஒரே கரைசல். ஆனால் லாக்டோஸ் போன்றதொரு பொருளை முன்பு நிறைய ருசித்த செல்களின் சந்ததி, அது குறைந்த பிறகும் செரிமான நொதியைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. ருசிக்காதவற்றின் சந்ததி தயாரிக்கவில்லை. அப்பொருளை உள்ளே இழுக்கும் புரதம், தன் உற்பத்தியைத் தானே தூண்டிவிடுவதுதான் காரணம்.

வினை சடம், அதன் பயனை உயிருக்குச் சேர்ப்பவன் இறைவன் என்கிறது சைவ சித்தாந்தம். செல்லுக்கு அப்படியொருவர் தேவைப்படவில்லை. பொருளை அடியோடு நீக்கினால், செல் பிரியப் பிரியப் புரதம் நீர்த்துப்போய் அந்த வினையும் தீர்ந்துவிடுகிறது.