மாற்று எஞ்சினும் சிக்கனத்தின் எல்லையும்

ஒரு பொருளைத் தொடர்ந்து வைத்திருப்பதா, கைவிடுவதா என்ற கேள்வியைச் சிறு பழுதுகள் எழுப்புவதில்லை. அவை பழக்கத்தாலேயே தீர்க்கப்பட்டுவிடுகின்றன. பழைய பிக்கப் வாகனமொன்றின் எஞ்சின் தேய்ந்து, சுமையோடு இழுக்க மறுத்து, ஒயிலை எரித்து நீலப் புகை விடத் தொடங்கும்போதுதான் அக்கேள்வி முழு வடிவில் முன்னே நிற்கின்றது. அப்போது உரிமையாளர் எடுக்கவேண்டிய தீர்மானம் பணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், தெரியாத ஒன்றுக்குத் தம் வாழ்வில் எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதே அதன் உள்ளீடு.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றைச் சேர்ந்த பழுகாமம் போன்ற ஊர்களில் இத்தீர்மானம் வயலின் காலக்கணக்கோடு பிணைந்திருக்கின்றது. வடகீழ்ப் பருவமழையை நம்பிய பெரும்போகமும், குளத்து நீரை நம்பிய சிறுபோகமும் விவசாயிக்குப் பணம் கிடைக்கும் மாதங்களை வரையறுத்துவிடுகின்றன; வாகனமோ, பசளை ஏற்றவேண்டிய வேளையிலோ நெல்மூட்டைகளைப் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் கொண்டுசெல்லவேண்டிய வேளையிலோ நின்றுவிடக்கூடும். மாட்டுக்கரத்தைகள் ஓடிய காலத்திலும் சில்லு தேய்ந்தால் சில்லை மாற்றினார்களே தவிரக் கரத்தையை எறிந்துவிடவில்லை. ஆகவே, உறுப்பை மாற்றி உடலைக் காப்பது இக்கரைக்குப் புதிய சிந்தனை அல்ல.

அண்மைய ஆண்டுகள் அச்சிந்தனையைத் தவிர்க்கமுடியாத தேவையாக்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. 2021 இறுதியில் லீற்றருக்கு 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாயாயிற்று. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரிச்சுமையால் புதிய பிக்கப் ஒன்று நெற்செய்கையாளருக்கு எட்டாத உயரத்திலேயே நின்றது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கார்களும் சிறிதளவு பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை நினைத்தால், பழைய இயந்திரங்களோடு நெருங்கி வாழும் அறிவு இத்தீவின் தமிழர்களுக்கு நெருக்கடி கொடுத்த கல்வி என்றே கொள்ளவேண்டியிருக்கின்றது.

எஞ்சின் போய்விட்டதென்று உறுதியானபின் வழிகள் சில உண்டு. உள்ள எஞ்சினையே கழற்றி, சிலிண்டர்களைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன்களைப் பொருத்திப் புதுக்குவது ஒன்று. ஜப்பானில் கழிக்கப்பட்ட வாகனங்களிலிருந்து இறக்குமதியாகிக் கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் விற்கப்படும் பாவித்த எஞ்சினை வாங்குவது இன்னொன்று. விலை மலிவாகக் கிடைத்ததென்று வேறு இன எஞ்சினை ஏற்றுவது மூன்றாவது. ஆனால் தாங்கிகளை வெட்டி ஒட்டுவதும், கியர்பொக்ஸோடு இணைக்க இடைத்தகடு கடைவதும், வயரிங்கை மாற்றுவதும் சேரும்போது அம்மலிவு பெரும்பாலும் கரைந்துவிடுகின்றது. பழைய டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. 2,446 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 2எல், 2,779 கொண்ட 3எல், 2,986 கொண்ட 5எல் ஆகிய எஞ்சின்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பெரிய மாற்றமின்றி அமர்த்துவது இயலக்கூடியது.

ஆயினும் பாவித்த எஞ்சினை வாங்குபவர் இரும்போடு அதன் அறியப்படாத கடந்த காலத்தையும் சேர்த்தே வாங்குகின்றார். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்று ஏறத்தாழ 22 மடங்கு அழுத்தப்படும்போது பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்திருந்தால் அவ்வழுத்தம் கசிந்து, எஞ்சின் குளிர்ந்த நிலையில் புறப்பட மறுப்பதோடு, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை மூச்சாக வெளியேறும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியால் அளந்து, நான்குக்குமிடையில் பெரிய வேறுபாடு இல்லையென்று காண்பதும், விற்பவர் முன்கூட்டியே சூடாக்காத எஞ்சினைக் குளிரிலிருந்து இயக்கிப் பார்ப்பதும், அறியாமையைக் குறைப்பதற்குக் கொடுக்கப்படும் மிகக் குறைந்த விலை. அந்தச் செலவை மிச்சம்பிடிப்பவரைச் சிக்கனமானவர் என்று சொல்வதற்கில்லை.

எஞ்சின் வெளியே இருக்கும் நாட்கள் பணப்பற்றாக்குறையின் உண்மையான சோதனை. கிளச் தட்டு, பின்பக்க ஒயில் சீல், நீர்ப்பம்பி ஆகியவற்றை அப்போது மாற்றுவது எளிது. முதலிரண்டையும் பின்னர் மாற்றுவதென்றால் கியர்பொக்ஸை இறக்கும் கூலியை இரண்டாம் முறை கொடுக்கவேண்டிவரும். வால்வுகளின் அசைவைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் இந்த எல் குடும்ப எஞ்சின்களில் ரப்பராலானது. அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்துச் சேதப்படுத்தக்கூடும் என்பதால், எத்தனை கிலோமீற்றர் ஓடியதென்று தெரியாத பெல்ட்டை நம்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. அடைபட்ட பழைய ரேடியேற்றரை அப்படியே பூட்டினால், முந்திய எஞ்சினைக் கொன்ற வெப்பம் அடுத்ததன் சிலிண்டர் ஹெட்டிலும் வெடிப்பை உண்டாக்கலாம். ஆகையால், கையிலுள்ள பணம் முழுவதையும் எஞ்சினின் விலைக்கே கொடுத்துவிடாமல், அதில் கணிசமான பங்கைச் சுற்றியுள்ள உறுப்புகளுக்கு ஒதுக்கிவைத்து, வேண்டுமானால் அதற்காகச் சற்றுச் சிறிய எஞ்சினோடு நிறைவடைவதே விவேகம்.

இவை அனைத்துக்கும் முன்னே பார்க்கவேண்டியது சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம். வாவியின் உப்புக்காற்றும் வயல் வரம்புகளின் சேறும் வில்தகடுகள் சட்டத்தோடு சேரும் இடத்தை அரித்திருந்தால், சுத்தியலால் தட்டும்போதே ஓசை மந்தமாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய உடலில் நல்ல எஞ்சினை அமர்த்துவது பற்றுதலே தவிரப் பராமரிப்பு அல்ல. அங்கே கைவிடுவதே சரியான தீர்மானம், அது எவ்வளவு வலித்தாலும்.

சட்டம் உறுதியாக இருக்குமாயின், மாற்று எஞ்சினுக்கு எதிரே நிற்கும் தெரிவு பெரும்பாலும் லீசிங், அதாவது தவணைக்கடனில் வேறு வாகனம் எடுப்பது. தவணை மாதந்தோறும் வரும், நெல் மாதந்தோறும் விளைவதில்லை. 2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பு வயல்களை மூழ்கடித்ததுபோல் ஒரு போகம் பொய்த்தாலும் தவணை நிற்பதில்லை; தவறினால் வாகனமே பறிபோகும். பழைய ஹைலக்ஸின் எஞ்சின் எப்போது நின்றுவிடுமென்ற நிச்சயமின்மை உண்மையானதுதான் எனினும், மானியாலும் நல்ல மெக்கானிக்கின் காதாலும் அதைக் குறைக்கமுடிகின்றது. மழையின் நிச்சயமின்மையைக் குறைக்கும் கருவி விவசாயியிடம் இல்லை. தவணையையும் மழையின் நிச்சயமின்மையையும் ஒரே தோளில் சுமக்காமலிருப்பதற்காகவே மாற்று எஞ்சின் பரிந்துரைக்கத்தக்கது. மாற்றியபின் எஞ்சின் இலக்கம் பொறித்த பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் அவ்விலக்கத்தைத் திருத்திக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதியே. செய்யாது விட்டால், பின்னொரு நாள் அவ்வாகனத்தை வாங்குபவர் தாம் அறியாத ஒன்றுக்கு விளக்கம் சொல்லவேண்டியவராகின்றார்.