ஓதமும் வெள்ளமும்

2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை காலை. பக்கத்து வீட்டு மதினி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன செய்ய மதினி, எல்லாம் ஆண்டவன் செயல்" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு முழுக்க நின்றேன். மூன்று மாதம் கழித்து, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பையனும் அதையே சொன்னான். "எல்லாம் ஆண்டவன் செயல்ம்மா, நாங்க என்ன செய்ய முடியும்?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மதினி சொன்னபோது ஆறிய மனசு, அதே சொல்லை இவன் சொன்னபோது ஏன் இப்படிக் கொதித்தது? அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மேலகரத்துக்காரி. பக்கத்துத் தென்காசியில் தமிழாசிரியையாக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றேன். வீடு 1987-ல் என் கணவர் கட்டியது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவெள்ளத்தில் நின்றுவிட்டது. தாமிரபரணிக் கரையில் வீடே போனவர்களை நினைத்தால் என் இழப்பைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் வயலுக்குப் போகும் வாய்க்கால் உடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். விடிவதற்குள் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் செந்தண்ணீர். அரிசி மூட்டை, பிரிட்ஜ், துணி அலமாரி எல்லாம் போயிற்று. கட்டிலுக்குக் கீழே மரப்பெட்டியில் என் கணவர் சேர்த்து வைத்திருந்த திருமுறைப் புத்தகங்கள் ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுக்களைச் சுவரின் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தது ஒன்பதாம் நாள். தண்ணீர் வடிந்து, நாங்கள் வீட்டைக் கழுவி விட்டிருந்தோம். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மொட்டைமாடிக்கு ஏறி இறங்கினார். "இது நாள்பட்ட ஓதம்மா" என்றார்.

சுவரில் ஈர ஓதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், கூடவே சாரல். அந்தச் சாரலுக்காகத்தான் வெளியூர்க்காரர்கள் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வண்டி கட்டி வருகிறார்கள். அவர்கள் நனைந்துவிட்டுப் போய்விடுவார்கள்; எங்கள் சுவர்கள் இங்கேயே நிற்கும். இந்த ஊரில் ஓதம் ஏறாத சுவர் யார் வீட்டில் இருக்கிறது? ஆனால் ஓதத்தையும் வெள்ளத்தையும் பிரித்தறிய எங்கள் ஊரில் படிப்பு வேண்டாம். ஓதம் கீழிருந்து திட்டுத்திட்டாக ஏறும். ஓரிடத்தில் சாண் உயரம், ஓரிடத்தில் முழ உயரம். உப்புப் பூத்து நிற்கும். வெள்ளம் ரசமட்டம் வைத்தாற்போல வீடு முழுக்க ஒரே உயரத்தில் கோடு போட்டுவிட்டுப் போகும், அதுவும் செம்மண் கோடு. அந்தக் கோடு என் வீட்டுக் கூடத்திலும் அடுக்களையிலும் பூசையறையிலும் இருந்தது. சர்வேயர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் எழுதாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. படிப்படியான சிதைவு, நீர்க்கசிவு, பராமரிப்புக் குறைவு. ஆகவே பாலிசியில் விலக்கப்பட்ட இழப்பு. நான் எடுத்திருந்தது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வீட்டுப் பாலிசி. புயலும் வெள்ளமும் நீர் சூழ்வதும் அதில் உண்டு. நாளாவட்டத்தில் வரும் தேய்மானம் கிடையாது. முதல் வரியில் நான் நிற்கிறேன் என்றேன். இரண்டாம் வரியில் நிற்கிறாய் என்றார்கள்.

அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, எங்கோ கேட்ட குரலாக இருந்தது. உனக்கு வந்த துன்பத்துக்குக் காரணம் வெளியில் இல்லை. முன்னமே நீ செய்ததும் செய்யாமல் விட்டதும்தான். இது முன்வினைக் கொள்கை அல்லவா? அந்தக் கொள்கையில் வளர்ந்தவள் நான். வினை உண்டு என்று இன்றும் நம்புகிறேன். அதனால்தான் அந்தக் கடிதம் என்னை அவ்வளவு புண்படுத்தியது.

சைவ சித்தாந்தத்தை நான் முறையாகப் பாடம் கேட்டவள். சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் எங்கள் சீமைக்காரர். பாபநாசத்துக்குப் பக்கம் விக்கிரமசிங்கபுரம். சித்தாந்தம் வினையைப் பற்றிச் சொல்வதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. வினை சடம். அதற்கு அறிவில்லை. செய்தவன் யார், அவனுக்கு என்ன சேர வேண்டும், எப்போது சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அறிந்து கூட்டுவதற்கு இறைவன் ஒருவன் வேண்டும். அப்படியானால் இன்னாருக்கு இன்ன வினையால் இது வந்தது என்ற கணக்கு அவன் ஒருவனிடம்தான் இருக்கிறது. பட்டவள் தன்னைப் பற்றி நொந்து "என் வினை" என்று சொல்லலாம். அது அவள் தன் மனத்தோடு பேசுவது. பக்கத்தில் நின்று மதினி சொன்னது "நம்ம எல்லாரையும் நனைத்த மழை" என்ற பொருளில். அவள் வீட்டிலும் தண்ணீர் நின்றது. தர வேண்டிய கடனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவன் அதே சொல்லைச் சொல்ல, இறைவனின் கணக்குப் புத்தகம் அவன் கைக்கு எப்படிப் போனது?

காரணத்தையும் சித்தாந்தம் மூன்றாகப் பிரிக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். என் அடுக்களைச் சுவர் ஓதத்தால் தளர்ந்திருந்தது உண்மை. பல வருடம் அப்படித்தான் நின்றது, விழவில்லை. ஓதத்தைத் துணைக்காரணம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் 18-ஆம் தேதி வந்த தண்ணீரைக் கணக்கிலேயே சேர்க்காமல் ஓதத்தைக் குயவன் இடத்தில் உட்கார வைத்தால் அது தர்க்கமாகாது.

அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் சொல்லலாமா என்ற இந்தக் கேள்வி எங்கள் மண்ணில் ஒருமுறை பெரிதாக எழுந்தது. 1934 ஜனவரி 15-ல் பீகார் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசிய காந்தி, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை அது என்றார். தாகூர் அதை மறுத்து எழுதினார். இயற்கையின் பேரிடருக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மறுப்பைக் காந்தி தம் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் காந்தி பக்கம் பேசியிருக்கிறேன். "நம் பாவம்" என்று தம்மையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார் என்பேன். இன்றைக்கு அப்படிப் பேச மாட்டேன். இடிபாட்டுக்கு அடியில் கிடந்தவர்களில் தீண்டாமையால் வதைபட்டவர்களும் இருந்திருப்பார்களே! சொன்னவர் மகாத்மாவாகவே இருந்தாலும், அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கும் இடத்தில் அவரும் தவறினார் என்றுதான் நினைக்கிறேன்.

சட்டமும் இந்த இடத்தில் என் நம்பிக்கைக்கு அருகில் வந்து நின்றது எனக்கு வியப்பு. விலக்கு விதியைக் காட்டிப் பணம் மறுத்தால், இழப்பு அந்த விதிக்குள் வருகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. 2007-ல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதாவது, "உன் குறைதான்" என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். என் தம்பி மகன்தான் இதைத் தேடிச் சொன்னான். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். பழைய பதிலையே மறுபடி அனுப்பினார்கள். பிறகு சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதினேன். கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது. என்னிடம் இருந்தவை: எதிர்வீட்டுப் பையன் அன்று காலை போனில் எடுத்த ஆறு படங்கள், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று, தெருவில் நால்வர் கையெழுத்து, அப்புறம் அந்தச் செம்மண் கோடு. சுண்ணாம்பு அடிக்காமல் அதை வைத்திருந்தேன். பொங்கலுக்கும் அடிக்கவில்லை.

விசாரணை வீடியோவில் நடந்தது. விசாரித்தவர் மொட்டைமாடியைப் பற்றிக் கேட்டார். மாடித் தளத்தில் தட்டோடு பெயர்ந்து நாலைந்து வருடமாகிறது, மேலறைக் கூரைக் கசிவு வெள்ளத்தால் வந்ததில்லை, அதைச் சரிசெய்யாமல் விட்டது நான்தான் என்றேன். பக்கத்தில் இருந்த தம்பி மகன் என் காலை மிதித்தான். அதையும் கோரிக்கையில் சேர்த்திருந்தோம், சேர்த்திருக்கக் கூடாது. என் கணவர் இருந்தவரை வருடந்தோறும் மாடியைப் பார்ப்பார். அவருக்குப் பின் நான் ஏறிப் பார்க்கவில்லை. குற்றாலநாதருக்கே தலைவலிக்குத் தைலம் சார்த்துகிற ஊர் இது. அகத்தியர் திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார், அந்த வலி தீரத்தான் தைலம் என்பது தலபுராணம். இறைவனுக்கே அன்றாடப் பராமரிப்பு உண்டு என்று அறிந்த ஊரில் பிறந்துவிட்டு, நான் என் தளத்தைக் கவனிக்காமல் விட்டேன். என் வினை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஓர் இடத்தில்தான்.

கோரியது 2,85,000 ரூபாய். கிடைத்தது 1,62,000. மாடிக்கு ஒரு பைசா இல்லை. தீர்ப்பு சரி.

பணம் வந்த வாரம் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். என் சின்ன வயதில் அந்த ராஜகோபுரம் இடிந்தே நின்றது. 1924-ல் இடி விழுந்து எரிந்து, பிளந்து, 1990-ல்தான் மறுபடி ஒன்பது நிலையாக எழுந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு குறை வந்தால், வந்து அதைச் சரிசெய்கிறவர் யாராயிருந்தாலும் அவரை உலகறிய இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து. குறை யாரால் வரும் என்று அவன் கேட்கவில்லை.

மறுபடி ஐப்பசி வரும், அடைமழை வரும். வெள்ளம் புகுந்த வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "உங்க வினை" என்று சொல்லாதீர்கள். சுவரில் தண்ணீர்க் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கழுவுவதற்கு முன்னால், தேதி தெரிய அதைப் படம் எடுத்துக் கொடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும், அங்கும் மறுத்தால் அந்தப் பதில் வந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம் என்று சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.